70 வளைவுகளும் ஒரு ‘உஸ்’ஸும்

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போகிறவர்கள் ஒரு ரகம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்கள் இன்னொரு ரகம். நான் முதல் ரகம். என் மனைவி இரண்டாவது. என் மாமனார் இரண்டிலும் சேராதவர். வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருகிறவர்!

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து லாரியில் எஞ்சின், டிரைவருக்கு இடது கைப் பக்கம் உட்கார்ந்து உறுமும். அதனால் மாமனாருக்கு இடது காது அவுட். வலது காது மட்டும் கொஞ்சம் மிச்சம். வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. “அப்பாவுக்கு எங்க கேக்கப் போகுது” என்று அவர் எதிரிலேயே சொல்வார்கள். அதுவும் அவருக்குக் கேட்காது என்று நினைப்பு.

அவருக்கு ஒரே ஆசை. அறப்பளீஸ்வரரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. அங்கே மலையடிவாரம். அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். நம்மிடம்தான் டர்போ டீசல் வண்டி இருக்கிறதே, பதினைந்து வயசானால் என்ன என்று கிளம்பிவிட்டேன்.

தரையில் வண்டி தங்கம். பத்தாவது வளைவு வரை வெள்ளி. அதற்கப்புறம் தகரம்! இரண்டாவது கியரில் இழுக்கவில்லை. முதல் கியருக்கு வந்தால் முனகுகிறது. பின்னால் கருகருவென்று புகை. முந்திக்கொண்டு போன பைக் பையன் ஒருத்தன், “அண்ணா, உள்ளே ஏதாச்சும் தாளிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

பின்சீட்டில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமனார் குரல்: “மாப்ளே, எங்கியோ காத்து போவுதுங்க.”

“டயரெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா!” என்று என் மனைவி மலையே அதிரக் கத்தினாள்.

“டயர் இல்ல கண்ணு. பாறை பக்கம் வர்றப்ப ‘உஸ்’ஸுங்குது. பள்ளத்துப் பக்கம் வந்தா கேக்கல.”

நானும் அவளும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ‘பாவம்’ என்று அர்த்தம். 23-வது வளைவில் வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போது மாமனார் எதுவும் பேசவில்லை.

ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டியை நிறுத்தி வைத்தே நாலு தடவை உறும விட்டார். சத்தமில்லை, புகையில்லை. “டர்போ போயிடுச்சு சார். மாத்தணும். ஐம்பத்தஞ்சாயிரம் ஆகும்” என்றார். என் மனைவி, “வித்துத் தொலைங்க” என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமனார் மெதுவாக, “விக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி நாமக்கல்ல காட்டிரலாமுங்களே...” என்றார். கேட்கிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

நாமக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நடுவில் ஒரே பாறையாக மலை, மேலே கோட்டை. கீழே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரையில்லாமல் எதிரே நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை, ரோட்டோரமெல்லாம் லாரிப் பட்டறை. இங்கே குழந்தை பிறந்தால் முதலில் கேட்பது தாலாட்டா, வெல்டிங் சத்தமா என்று சந்தேகம். வெறும் சேசிஸாக வருவது பாடி கட்டி, பெயின்ட் அடித்து, மணமகள் மாதிரி கிளம்பிப் போகும். கேபின்கூட இல்லாத சேசிஸில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வந்த கதையை மாமனார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் தடவையாக நான் ‘உம்’ கொட்டினேன்.

அவருக்குத் தெரிந்த பட்டறைக்காரர் இப்போது இல்லை. மகன் பார்த்துக்கொள்கிறார். முப்பது வயசிருக்கும். நான் ஆரம்பித்தேன்: டர்போ, ஐம்பத்தஞ்சாயிரம், கரும்புகை... அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, மாமனாரின் வலது பக்கம் போய்க் குனிந்தார்.

“அய்யா, உங்களுக்கு என்ன கேட்டுச்சுங்க?”

மாமனார் என்னைப் பார்த்தார். தன்னைத்தானா கேட்கிறார்கள் என்று சந்தேகம். பிறகு சொன்னார். பாறை, பள்ளம், ‘உஸ்’. மிதிக்கும்போது வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

“அப்ப டர்போ நல்லாத்தான் இருக்குதுங்க. அது தள்ளுற காத்து வழியில போவுது” என்றார் பட்டறைக்காரர். மாமனார் சொன்ன அதே வார்த்தை!

விஷயம் இதுதான். எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்ன விசிறியைச் சுற்ற வைத்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ் எஞ்சினீயர் 1905-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை. காற்றை அழுத்தினால் சூடாகும், சூடானால் லேசாகும். அதனால் இன்டர்கூலரில் குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவே ரப்பர் ஹோஸ்கள், கிளாம்புகள். எங்கே கீறல் விழுந்தாலும் கதை கந்தல்.

“சரி, புகை ஏங்க வருது?” என்றேன்.

“உங்க வண்டி உள்ள வர்ற காத்தை வாசல்லயே எண்ணிப் பாத்துத்தானுங்க டீசல் ஊத்தும். கல்யாணத்துல தலையை எண்ணிச் சோறு ஆக்கிட்டோம். பந்திக்கு வர்ற வழியில பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டா? சோறு மிச்சமாவுதில்ல? அதானுங்க கரும்புகை.”

நின்ற இடத்தில் உறுமினால் டர்போவில் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. பாரம் இழுத்து மேட்டில் ஏறும்போதுதான் ஏறும். அப்போதுதான் கீறல் வாயைத் திறக்கும். எங்கள் ஊர் மெக்கானிக்குக் கேட்காததன் ரகசியம் இதுதான்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு பி.வி.சி. மூடியைப் பொருத்தினார். மூடியில் ஓட்டை போட்டு டயர் வால்வு செருகியிருந்தார். கம்ப்ரசர் குழாயை மாட்டி, டயருக்குப் பிடிப்பது போல 15 பவுண்டு காற்று. “இதுக்கு மேல ஏத்தினா ஆயில் சீல் பிதுங்கிரும். மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்குங்க சார்” என்றார். அப்புறம் ஒரு பாட்டில் சோப்புத் தண்ணியை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் பீய்ச்சினார்.

ஒரு கிளாம்பில் குட்டிக் குட்டியாக நுரை. முடுக்கினார், நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தில் இல்லை. அழுத்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் வலது காதைச் சாய்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் நின்றார். கீழே கையைக் காட்டினார். பட்டறைக்காரர் அடியில் படுத்து டார்ச் அடித்தார்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ். மேலே பார்த்தால் புத்தம் புதுசு. அடிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, இரண்டு அங்குலத்துக்குக் கீறல். சுற்றிலும் ஆயில் கசிந்து புழுதி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணி பட்டதும் கோலிக்குண்டு சைஸில் குமிழி!

“இது டர்போ தாண்டி இருக்கறதால பொழச்சீங்க” என்றார் பட்டறைக்காரர். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால் சத்தம்கூட வராதாம். அங்கே காற்று வெளியே போகாது, புழுதிதான் உள்ளே வரும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் விசிறியை அரித்துவிட்டு எஞ்சினுக்குள்ளும் போய்விடும். அந்தக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக வந்த பிறகுதான் எழுந்தார்.

குழாய் முனைகளில் ஆயில் பிசுக்கைத் துடைத்து — இல்லாவிட்டால் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடுமாம் — புது ஹோஸ், இரண்டு புதுக் கிளாம்ப் போட்டு, உரசிய பட்டையைக் கொஞ்சம் வளைத்து ஒதுக்கிவிட்டார். மறுபடி 15 பவுண்டு, மறுபடி சோப்புத் தண்ணி. ஒரு குமிழி இல்லை. பில் 2,600 ரூபாய். நான் ஐம்பத்தஞ்சாயிரத்திலிருந்து கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் பட்டறைப் பையனுக்குத் தன் மடியிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை மறுபடி காரவள்ளி. 23-வது வளைவில் என் மனைவி எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். “அப்பா, இப்ப கேக்குதாப்பா?” இந்தத் தடவை கத்தவில்லை. வலது காதுப் பக்கமாகச் சாய்ந்து கேட்டாள்.

பாறை வரும்வரை காத்திருந்து கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்ல கண்ணு. ஓட்டச் சொல்லு” என்றார்.

எழுபதும் ஏறினோம். அறப்பளீஸ்வரர் சந்நிதியில் அவர் வெகுநேரம் நின்றார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அவரால் முடியாது. நாங்கள் மட்டும் இறங்கி, தண்ணீரில் அடி வாங்கி, முட்டி கழன்று மேலே வந்தபோது, நாலு வேன் டிரைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பந்திக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார்!

சோளக்காட்டில் ஒரு பலாப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கினோம். நாற்பதாவது வளைவு வாக்கில், “மாப்ளே, பின்னாடி என்னமோ ‘டொம் டொம்’முங்குது” என்றார்.

சடாரென்று ஓரங்கட்டி, இறங்கி, பின்கதவைத் திறந்தேன்.

பலாப்பழம் உருண்டுகொண்டிருந்தது.