அக்கரைச் சீமைக்கு ஓர் ஊர்மடல்

தஞ்சைத் தரணியிலே முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம், இராஜகிரி, பண்டாரவாடை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று பட்டியல் நீளும். இவ்வூர்களின் வாழ்வுக்கு ஊற்றுக்கண்கள் இரண்டு. ஒன்று, காவிரியின் கிளையாறுகள் கொணர்ந்து சேர்க்கும் தண்ணீர். மற்றொன்று, கடல் கடந்து சென்றோர் வியர்வை சிந்தி அனுப்பிவைக்கும் பொருள். முன்னது குறைந்தால் வயல் வாடும். பின்னது குறைந்தால் அடுப்படி வாடும். இவ்விரண்டுக்கும் இடையே இருந்து இணைத்து வைத்தது ஒரு சிறு தாள். வீட்டிலிருந்து அக்கரைச் சீமைக்குப் போன கடிதத்தையே சொல்கின்றோம். பெரியோர் வரலாறுகளைப் படிக்கும் நாம், நம் வீட்டுப் பெண்மக்கள் எழுதிய இந்த வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம்மவரின் கடற்பயணம் நேற்றுத் தொடங்கியதன்று. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அதே நகரின் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. பினாங்கிலும் பர்மாவிலும் சைகோனிலும் நம்மவர் கடை வைத்தார்கள், கணக்கு எழுதினார்கள், சிலர் கைவண்டியும் இழுத்தார்கள். 1973க்குப் பின் எண்ணெயின் விலை ஏறியபோது, பயணத்தின் திசை கிழக்கிலிருந்து மேற்கே திரும்பியது. சவூதி, குவைத், துபாய் என்னும் பெயர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் புழங்கலாயின. திசை மாறியதே அன்றி, ‘சபுராளி’ என்னும் பெயர் மாறவில்லை. வீட்டில் ஓர் இருக்கை வெறுமையாக இருப்பதும் மாறவில்லை.

நம் தந்தையார் பினாங்கில் ஒரு சிறு கடையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார்கள். அந்நாளில் பயணம் என்றால் நாகப்பட்டினம் துறைமுகமும் ரஜூலா கப்பலும்தாம் நினைவுக்கு வரும். 1926இல் ஓடத் தொடங்கிய அக்கப்பல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் மிதந்து கரை சேர வேண்டும். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் எண்பதுகளின் நடுவில் ஏற்பட்ட தீ விபத்தோடு ஓய்ந்துவிட்டது. சபுர் போனவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையோ வருவார். வந்தால் பினாங்குக் கைலியும், கோடாலித் தைலமும், பிள்ளைகளுக்கு மிட்டாய் டப்பாவும் வரும். அவர் வராத ஆண்டுகளில் குடும்பத்தைக் குடும்பமாக வைத்திருந்தது கடிதமே.

அக்கடிதங்களுக்கென்று ஒரு முறைமை உண்டு. உச்சியில் 786 என்ற எண். அடுத்து ஸலாம். அதன்பின் ‘இங்கு யாவரும் சுகம், தங்கள் சுகத்திற்கு வல்ல அல்லாஹ்விடம் துஆச் செய்கின்றோம்’ என்னும் வாசகம். இவ்வளவும் எல்லா வீட்டுக்கும் பொது. அதற்குப் பிறகு ‘மற்றபடி’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குப் பின்னேதான் வீட்டின் உயிர் இருக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை. நாற்றங்கால் பச்சை பிடித்துவிட்டது. கொல்லைப் பலா இவ்வாண்டு எட்டுக் காய் காய்த்தது. வெள்ளைப் பசு கிடாரிக் கன்று ஈன்றது. சின்னவன் யாசீன் ஓதி முடித்தான். ஐப்பசி மழையில் கூடத்து ஓடு ஒழுகுகின்றது. இவை அற்பச் செய்திகளாக நமக்குத் தோன்றலாம். ஆனால் கடைக்குப் பின்னால் பலகை விரித்துப் படுக்கும் ஒருவருக்கு இவைதாமே ஊர்? பணம் அனுப்புகிறவர் என்ற நிலையிலிருந்து, வீட்டின் தலைவர் என்ற நிலைக்கு அவரை மாதந்தோறும் உயர்த்தி வைத்தவை இச்செய்திகளே. ‘கன்றுக்குப் பால் மிச்சம் வைத்துக் கறக்கச் சொல்’ என்று பினாங்கிலிருந்து மறுமொழி வரும். அம்மறுமொழி வந்து சேர்வதற்குள் கன்று வளர்ந்து தும்பு அறுத்துக்கொண்டு ஓடும். ஆயினும் தந்தையாரின் சொல் கேட்கப்பட்டது என்பதே வீட்டுக்குப் பெருமை.

நம் வீட்டார் இரண்டு பஞ்சாங்கங்களை ஒருசேரப் பார்த்து வாழ்ந்தவர்கள். ஒன்று ஆற்றுடையது; மற்றொன்று பிறையுடையது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12 என்பது டெல்டாவின் தண்ணீர்த் திருநாளாகிவிட்டது. குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்றும் அத்தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நிற்பவை. பிறைக் கணக்கோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து செல்வது. ஆகவே நோன்பு ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். 1967இல் ரமளான் டிசம்பர் மாதத்தில் வந்தது. அவ்வாண்டுக் கடிதத்தில், ஈர விறகு புகைந்து சஹர் சமையல் தாமதித்த கதை இருக்கின்றது. 1980இல் ரமளான் ஜூலை மாதத்தில் வந்தது. அது குறுவைக் காலம். நோன்பு வைத்துக்கொண்டே வெயிலில் வரப்பில் நின்றவர்களின் கதை அவ்வாண்டுக்கு உரியது. 2025இல் ரமளான் மார்ச் மாதத்தில் வந்தபோது சம்பா அறுப்பு முடிந்து, நெல் வீடு சேர்ந்திருந்தது. பழைய கடிதங்களை அடுக்கிவைத்துப் படித்தால், நோன்பு வயலைச் சுற்றி நடந்துபோவதை நாம் கண்ணாரக் காணலாம்.

இனி, அக்கடிதங்களின் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் அன்னையார் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவர்கள் அல்லர். ஆயினும் சிறுமியாக இருந்தபோதே, ஓதிக்கொடுக்கும் மாதரிடம் குர்ஆன் ஓதி முடித்தவர்கள். அந்த எழுத்தறிவே அவர்களுக்கு அரபுத்தமிழ் என்னும் வாசலைத் திறந்துவிட்டது. அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. அவற்றுள் அடங்காத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளின்மீது புள்ளிகளைக் கூட்டி, தமிழை வலமிருந்து இடமாக எழுதும் முறையை நம் முன்னோர் வகுத்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்கள் அன்போடு அழைத்த கீழக்கரை சையிது முகம்மது ஆலிம் சாஹிப் போன்ற மேதைகள் 19ஆம் நூற்றாண்டில் மார்க்க நூல்களையே அவ்வெழுத்தில் ஆக்கித் தந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்மக்களுக்கும் மார்க்கம் எட்ட வேண்டும் என்பது அதன் பயன்களுள் ஒன்று. அதே எழுத்து, அவர்களுடைய மனத்தையும் அக்கரைக்கு எட்டச் செய்தது. எழுதத் தெரியாதவர் பிறரிடம் சொல்லித்தான் எழுதுவிக்க வேண்டும். வந்த மடலையும் தபால்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதற்கு நடுவே மூன்றாம் செவி ஒன்று வந்துவிடும். அரபுத்தமிழ் அறிந்த பெண்ணுக்கு அந்த இக்கட்டு இல்லை. அவள் எழுதினாள், அவர் படித்தார். அவ்வளவே. பெண்ணின் எழுத்தறிவு அவளுடைய மானத்திற்கு எத்தகைய காவல் என்பதை உணர்த்த இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வளவு உரிமையோடு எழுதப்பட்ட கடிதங்களிலும் ஒரு பொய் இருந்தது. அன்பினால் சொல்லப்பட்ட பொய் அது. ‘இங்கு யாவரும் சுகம்’ என்ற முதல் வரியே அந்தப் பொய். 1969ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் பாட்டியார் படுத்த படுக்கையானார்கள். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அம்மாதம் போன கடிதத்தில் இருப்பதோ, சம்பா வயலில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது என்ற செய்தி மட்டுமே. பின்னாளில் இதைப் பற்றி நாம் கேட்டபோது, “கடல் தாண்டித் தனியாகக் கிடக்கிற மனுசருக்கு இங்கிருந்து கவலையை வேறு அனுப்பணுமா? வந்து பார்க்கத்தான் முடியுமா?” என்று அன்னையார் சொன்னார்கள். அதே ஆண்டில்தான் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. தம் வேலை நிலைக்குமா என்று தந்தையார் இரவெல்லாம் உறங்காமல் கிடந்த காலம் அது. அம்மாதம் அவர்கள் எழுதியதோ, ‘நான் சுகம், பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்புக்குப் பணம் வரும்’ என்பதே. இரு கடிதங்களும் நம் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒன்றன்மீது ஒன்றாகக் கிடந்தன. இருவரும் மறுமை எய்திய பின் அவற்றைச் சேர்த்துப் படித்தபோது நம் நெஞ்சு கனத்தது. ஒரே காலத்தில் இரு கரையிலும் இருவர் தனித்தனியே அழுதிருக்கிறார்கள். ஒருவர் கண்ணீரை மற்றவர் அறியவில்லை. சேர்ந்து சுமந்திருந்தால் பாதியாகியிருக்கும் பாரத்தை இருவரும் முழுமையாகச் சுமந்திருக்கிறார்கள்.

கடிதமே இல்லாமற்போன காலமும் உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் 1945 செப்டம்பர் வரை மூன்றரை ஆண்டுகள் மலாயாவில் ஜப்பானிய ஆட்சி. கடிதமும் இல்லை; பணமும் இல்லை. கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாமல், காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்றுப் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் கதைகளைப் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அண்மையில் 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்தபோதும், அதன் சாயல் ஒன்றை நாம் கண்டோம். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் வாயடைத்தன. அரபு நாடுகளில் இருந்த பிள்ளைகள், வீட்டார் குரல் கேட்காமல் தவித்தார்கள். செய்தி நின்றால்தான் செய்தியின் அருமை தெரிகின்றது.

இன்று அந்தத் தவிப்புக்குப் பெரும்பாலும் இடமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மகனின் முகத்தை அன்றாடம் தாய் காண்கிறாள். தந்தையை அடையாளம் தெரியாமல் மிரண்டு அழும் குழந்தை இன்று இல்லை. நாம் இங்கே மஃரிபுக்கு நோன்பு திறக்கையில், சவூதியில் இருக்கும் மகனுக்கு அஸர் நேரம். சிங்கப்பூரில் இருக்கும் மருமகனோ தராவீஹுக்கு நின்றுகொண்டிருப்பார். மூன்று நாட்டு நேரமும் ஒரே வீட்டின் கூடத்தில் வந்து கூடுகின்றன. 2025இல் நோன்புப் பெருநாள் சவூதியிலும் அமீரகத்திலும் மார்ச் 30. நமக்கு மார்ச் 31. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு பெருநாள்! முதல் நாள் அவர் புத்தாடையில் வந்து ஸலாம் சொல்கிறார்; வீட்டார் நோன்போடு பதில் சொல்கிறார்கள். இவ்வசதியை இகழ்வது நன்றிகேடாகும்.

ஆயினும், பேச்சு பெருகியிருக்கும் அளவுக்குச் செய்தி பெருகியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘சாப்பிட்டாயா, பணம் வந்ததா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. 2012இல் மேட்டூர் செப்டம்பரில்தான் திறந்தது. 2017இல் அக்டோபர்வரை காத்திருந்தோம். குறுவை பொய்த்த அவ்வாண்டுகளில் நிலத்தை விற்றுவிட்டு, அந்தச் சேதியை மாதங்கள் கழித்து மகனுக்குச் சொன்ன வீடுகளை நாம் அறிவோம். அங்கே சம்பளம் கிடைக்காமல் நண்பரின் அறையில் ஒண்டியிருந்துகொண்டு, பின்னால் ஓர் அழகிய சுவர் தெரியும்படி நின்று பேசும் பிள்ளைகளையும் அறிவோம். கடிதத்தில் இருந்த பொய் கைப்பேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டது. ‘மற்றபடி’ என்ற சொல் மட்டும் வழியிலேயே தவறிவிட்டது.

ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வெளிநாட்டில் இருப்பவரிடம் ஊர்ச் செய்தி சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும், மாமரம் பூத்ததையும், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியவர் யார் என்பதையும் சொல்லுங்கள். அவர் ஊரை மறவாதிருப்பார். ஊரும் அவரை மறவாதிருக்கும். இரண்டாவது, துன்பத்தை மறைக்காதீர்கள். நோயைச் சொல்லுங்கள், கடனைச் சொல்லுங்கள். அங்கிருப்பவரும் தம் இடரை வாய்விட்டுச் சொல்லும்படி இடம் கொடுங்கள். உதவ முடியாதவருக்கும் துஆச் செய்ய முடியும். மூன்றாவது, உங்கள் வீட்டு மச்சிலும் அலமாரியிலும் பழைய அரபுத்தமிழ்க் கடிதங்கள் கிடந்தால் எரித்துவிடாதீர்கள். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த பாட்டிமார் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்கள் அருகே பேரப் பிள்ளைகள் அமர்ந்து, அவர்கள் படிக்கப் படிக்கத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொள்ளட்டும். வெளியிடத் தகாதவை இருந்தால் வீட்டோடு இருக்கட்டும். அழியாமல் இருந்தால் போதும்.

எந்த ஆண்டு தண்ணீர் தாமதித்தது, எந்த நோன்பு மழையில் வந்தது, எந்தப் பெண் எந்தக் கவலையைத் தனியே விழுங்கினாள் என்பதெல்லாம் அரசாங்கப் பதிவேடுகளில் கிடைக்கமாட்டா. அவற்றை எழுதிவைத்த கைகள் மண்ணுக்குள் போய்விட்டன. அக்கைகளுக்கு உரியவர்களின் மண்ணறைகளை வல்ல நாயன் ஒளிமயமாக்குவானாக! கடல் கடந்து வாழும் நம் மக்களையும், அவர்கள் வரவை எதிர்நோக்கி இருக்கும் இல்லங்களையும் அவனே காத்தருள்வானாக! ஆமீன்.