பரீட்சைக்கு வராத கேள்வி



பல வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பிய சோஷலிசம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், புரட்சி பண்ணுவோம்னு கிளம்பினவங்க எதுக்கு சார் எலெக்‌ஷன்ல நின்னாங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியாது. "பரீட்சைக்கு வராதுடா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் கேள்வியே கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

தம்பி, ஜெர்மனியை எடுத்துக்கொள். 1871-ல் பேரரசு அமைந்தபோதே 25 வயதான ஆண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு கிடைத்துவிட்டது. கொடுத்தவர் பிஸ்மார்க். தொழிலாளி மேல் பாசத்தால் அல்ல; கிராமத்து ஜனங்கள் மன்னர் பக்கம் நிற்பார்கள் என்ற கணக்கு. அது தப்பியதும், 1878-ல் சோஷலிஸ்டுகளின் சங்கம், பத்திரிகை, கூட்டம் எல்லாவற்றுக்கும் தடை. ஆனால் வேட்பாளராக நிற்கத் தடை இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் கட்சி பிழைத்தது. 1890-ல் 14 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியது, தடைச் சட்டமும் அந்த வருடமே காலாவதியானது.

அடுத்த வருடம் எர்ஃபுர்ட் மாநாட்டில் ஒரு கொள்கை அறிக்கை. முதல் பாதி காவுட்ஸ்கி எழுதியது: முதலாளித்துவம் வீழும் என்ற மார்க்சியம். இரண்டாம் பாதி பெர்ன்ஸ்டைன் எழுதியது: உடனடிக் கோரிக்கைகள். அதில் முதலாவதே, 20 வயதான ஆண் பெண் அனைவருக்கும் சமமான ஓட்டு. உன் கேள்வி அந்த ஒரே காகிதத்திலேயே இருக்கிறதடா!

பிறகு பெர்ன்ஸ்டைன், "நாம் சீர்திருத்தக் கட்சிதான், அதை ஒப்புக்கொள்வோம்" என்று வாதாடினார். 1903-ல் கட்சி அதை நிராகரித்தது. வீண் பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரஷ்யாவைப் பற்றிப் படித்ததும் மாறிவிட்டேன். அங்கே மாகாண சபைத் தேர்தலில் கட்டும் வரியைப் பார்த்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மேலே இருந்த சிலருக்கும் கீழே இருந்த பெருங்கூட்டத்துக்கும் ஒரே எடை. ரகசிய ஓட்டும் கிடையாது, அதிகாரி முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனையோ பூத்தில் மை வைத்து உட்கார்ந்தவன் நான். முதலாளியின் ஆள் பக்கத்தில் நின்றால் அந்தத் தொழிலாளி என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன்.

1912-ல் 397 இடங்களில் 110 பிடித்து முதல் கட்சியானார்கள். ஒரு மந்திரி பதவி கூட இல்லை. பிரதமரை நியமிப்பது பேரரசர். ஓட்டு கையில் இருந்ததால் தேர்தலை விட முடியவில்லை. அந்த ஓட்டுக்கு ஆட்சியை மாற்றும் பலம் இல்லாததால் புரட்சிப் பேச்சையும் விட முடியவில்லை. பெண்களுக்கு ஓட்டும், பிரஷ்யாவில் சம ஓட்டும் 1918-ல் மன்னராட்சி விழுந்த பிறகே வந்தன.

இதுதான் தம்பி, எனக்குக் கிடைத்த பதில். அன்று எல்லோர் முன்னாலும் உட்கார வைத்ததற்கு, இன்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் கேட்க ஏதாவது இருந்தால் கீழே எழுது.