ஷியோரியின் முகம்

ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எடுத்தாள்வது தமிழ் வாசகர்களாகிய நமக்குப் புதிதன்று. வால்மீகியின் அகலிகையைக் கம்பர் எடுத்தார். புதுமைப்பித்தன் அவளைச் 'சாபவிமோசன'த்துக்குள் கொண்டுவந்தார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாமோ அதற்கு மறுவாசிப்பு என்று பெயர் சூட்டிப் பத்து மதிப்பெண் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே நம்மிடம் பயின்று, இப்போது கணினி விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைந்து பிழைக்கும் மாணவர் ஒருவர், புகழ்பெற்ற ஜப்பானிய விளையாட்டு நாயகியை வைத்து வயதுவந்தோருக்கான விளையாட்டு ஒன்றைச் செய்து விற்கலாமா என்று கேட்டபோது நம்மால் எளிதாகத் தட்டிக்கழிக்க முடியவில்லை. "அகலிகையை எடுக்கலாம், இவளை எடுக்கக்கூடாதா ஐயா?" என்றார். விடை தேடிப் போனபோது 1999 ஆகஸ்டு 30 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று கிடைத்தது.

கொனாமி நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'டோகிமேகி மெமோரியல்' ஒரு பள்ளிக்கூடத்துக் காதல் விளையாட்டு. மூன்றாண்டுகள் ஒழுங்காகப் படித்து, பழகி, பட்டமளிப்பு நாளில் மரத்தடியில் ஒரு பெண் தன் காதலைச் சொல்லக் கேட்பதோடு ஆட்டம் முடியும். அவர்களுள் எட்டாக்கனி ஃபுஜிசாகி ஷியோரி. சிவந்த கூந்தல், மஞ்சள் தலைப்பட்டை, பள்ளிச் சீருடை. இந்தப் பெண்ணைக் காமக் காட்சிகளில் வரைந்து அசைபடமாக்கி விற்றவர்மீது கொனாமி வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் கூந்தலையும் உடையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது ஓவியத்தின் நகல்தான் என்றது. அதோடு நிற்கவில்லை. தூய்மையான பெண்ணாகப் படைக்கப்பட்டவளை இவ்வாறு மாற்றியது, படைப்பைச் சிதைக்கவிடாமல் காக்கும் படைப்பாளியின் உரிமையையும் மீறுவதாகும் என்றது. நஷ்டஈடு சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் யென். ஜப்பானியச் சட்டத்தில் நிறுவனமே படைப்பாளியாக இருக்க முடியும். எனவே இங்கே புண்பட்ட படைப்பாளி மனம் ஒரு பெருவணிக நிறுவனத்தினுடையது! இதை நம்மால் புன்னகையின்றிப் படிக்க முடியவில்லை.

ஆனால் இதே நாட்டின் உச்சநீதிமன்றம் 1997இல் பாப்பாய் வழக்கில், பாத்திரம் என்பது ஓர் அருவக் கருத்து, அது தன்னளவில் பதிப்புரிமைக்கு உரியதன்று, வரையப்பட்ட உருவமே உரியது என்று சொல்லியிருந்தது. நமக்கு முக்கியமாகப் படுவது இந்த வேறுபாடுதான். சொல்லால் ஆன அகலிகைக்கு வாசகர் தோறும் ஒரு முகம். புதுமைப்பித்தன் எடுத்தது அவள் கதையை, அவள் காயத்தை. ஷியோரியிடமிருந்து ரசிகர் எடுப்பதோ முகத்தை. பார்த்த மாத்திரத்தில் இவள் அவளே என்று தெரிந்தால்தான் விளையாட்டு விலைபோகும். அப்படித் தெரிவதே வழக்கில் சாட்சியாகவும் நிற்கும். 'இது ரசிகர் படைப்பு, உரிமை மூலவருக்கே' என்று முகப்பில் எழுதிவைப்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆபாசம்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் டான் ஓநீலும் நண்பர்களும் 1971இல் மிக்கி மௌஸைப் போதையிலும் காமத்திலும் திளைக்கவிட்டு 'ஏர் பைரேட்ஸ் ஃபன்னீஸ்' என்ற சித்திரக்கதைப் புத்தகங்களை வெளியிட்டார்கள். 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிஸ்னியின் பக்கம் நின்றதற்குக் காரணம், பகடிக்குத் தேவையானதைவிட அதிகமாக உருவத்தை நகலெடுத்தார்கள் என்பதே. டோரேமானுக்கு இறுதி அத்தியாயம் ஒன்றைக் கற்பனையாக வரைந்த ஜப்பானிய ரசிகரின் புத்தகத்தில் காமம் சிறிதும் கிடையாது. ஆனால் மூல ஓவியம் போலவே இருந்தது. ஏறத்தாழ 13,000 படிகள் விற்றது. 2007இல் அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தப்ப வைப்பது ஒழுக்கமன்று. கண்ணில் படாத சிறுமைதான்.

அப்படியானால் 1975 முதல் டோக்கியோவில் நடக்கும் காமிக் மார்க்கெட்டில் ஆயிரக்கணக்கான ரசிகர் இதழ்கள் விற்பனையாவது எப்படி? உரிமையாளர்கள் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். 2018 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சிலவகைத் திருட்டுப் பதிப்புகளின்மேல் புகாரின்றியே அரசு வழக்குத் தொடுக்க இடம்கொடுத்தது. ரசிகர் படைப்புகளை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தது. அதாவது அங்கே உரிமையாளர் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கவும் செய்தார்கள்: 1999இல் போகிமான் பாத்திரங்களைக் காமச் சித்திரங்களாக வரைந்து விற்ற பெண் ஒருவர் நிண்டெண்டோவின் புகாரால் கைதாகி அபராதம் கட்டினார்.

மாணவரிடம் இவற்றைச் சொன்னோம். மரத்தடியும் மூன்றாண்டுக் காத்திருப்பும் யாருக்கும் உரியவையல்ல, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், பெண்ணை நீங்களே வரையுங்கள் என்றோம். பெயரற்ற பெண்ணை யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்டது நியாயமே. எட்டு மாத உழைப்பு ஒரு கடிதத்தில் கடையிலிருந்து அகற்றப்படும்போது அந்தப் பணத்தை யார் தருவார்கள் என்று நாம் கேட்டதும் நியாயமே.

நீதிமன்றத்தோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு நாயகியின் தூய்மையை நிறுவனத்தின் சொத்தாக்கும் சட்டத்தின் கீழ், அகலிகையை மீண்டும் கல்லாக்கிய கதை எழுதப்பட்டிருக்குமா என்ற ஐயம் விலகவில்லை. மிக்கியின் 1928ஆம் ஆண்டு உருவம் 2024 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவில் பொதுவுடைமையானது; உடனே அதை வைத்துத் திகில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷியோரிக்கு ஜப்பானியக் கணக்கில் 2064 முடிய வேண்டும்.