பங்காருபேட்டையிலிருந்து பில்லாசர்கம் வரை

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து கிளைப் பாதையில் செல்லும் வண்டி உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் நின்றுவிடுகின்றது. வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி வந்த நம் முன்னோர், பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இறங்கிப் பொன் எடுத்த வயல் இதுவே.

"இவ்வளவு ஆழம் தோண்டினார்களே, பண்டைய விலங்குகளின் எலும்பு ஏதும் கிடைத்ததா?" என்று சங்கத்து மாணவர் ஒருவர் நம்மை வினவினார். கிடைக்க வழியில்லை. கோலார்ப் பாறைகளின் வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகள். பாலூட்டும் விலங்குகள் உலகில் தோன்றி 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகின்றது. எலும்பைத் தேடுவோர் வேறிடம் செல்லல் வேண்டும். அவ்விடம் நமக்கு வெகு தொலைவன்று என்று அறிந்து, விடுப்பு வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

பெங்களூர், தர்மாவரம், அனந்தபூர் வழியாகத் தோன் சந்திப்பை அடைந்து, நந்தியால் செல்லும் பாதையில் வண்டி மாறினால், தரைக்குப் பதிக்கும் கற்பலகைக்குப் பெயர்போன பேதஞ்செர்லா வரும். அதற்கு அருகிலுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் நடுவே இருக்கின்றது பில்லாசர்கம். முற்காலத்தில் நீண்ட குகையாக இருந்து, மேற்கூரை ஆங்காங்கே இடிந்து வீழ்ந்தமையால், இன்று செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த பள்ளங்களாகவும், அவற்றின் ஓரங்களில் இருண்ட குகைகளாகவும் காட்சி தருகின்றது. உள்ளே இறங்கியதும் வெளியே இருந்த வெயிலின் கடுமை சட்டென்று மறந்துபோயிற்று.

இக்குகைகளில் எலும்புகள் புதைந்திருப்பதை 1844-ஆம் ஆண்டில் காப்டன் நியூபோல்டு எழுதி வெளியிட்டார். 1863-இல் சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் அவர்களும் அவர்தம் மைந்தரும் 1884, 1885-ஆம் ஆண்டுகளில் இங்கே அகழ்ந்தனர். எலும்புகளை ஆராய்ந்த லிடெக்கர், காண்டாமிருக இனம் ஒன்றுக்குக் கர்நூலின் பெயரையே சூட்டினார். இன்று அசாமிலும் வங்கத்தின் வடபாகத்திலும் நேபாளத்தை ஒட்டிய காடுகளிலுமே காணப்படும் காண்டாமிருகம், ஒருகால் இப்பக்கமும் திரிந்ததென்பது வியப்பன்றோ!

ஆனால் அது எக்காலம்? பயணச்சீட்டில் நாள் அச்சாகியிருக்கும். எலும்பில் அவ்வாறு இராது. கரியைக் கொண்டு காலம் கணிக்கும் முறையோ ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது. ஆகவே அறிஞர்கள் எலும்பைச் சூழ்ந்த மணலை வினவுகின்றனர். மணற்றுகள் வெயிலில் கிடக்கும்போது அதனுள் சேர்ந்திருந்த ஆற்றல் முழுதும் நீங்கிவிடும். மண்ணில் புதைந்தபின், சுற்றியுள்ள கதிரியக்கத்தால் அவ்வாற்றல் மீண்டும் சிறுகச் சிறுகச் சேரும். அத்துகளை வெளிச்சம் படாமல் எடுத்துச் சென்று, இருட்டறையில் ஒளியைப் பாய்ச்சினால் அது மினுங்கும். மினுக்கத்தின் அளவைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணிக்கலாம்.

இன்னுமொரு எச்சரிக்கையும் அவசியம். ஓர் அடுக்கில் ஆயிரம் எலும்பும் மற்றோர் அடுக்கில் ஐம்பது எலும்பும் கிடைத்தால், முன்னதில் இனங்கள் மிகுதியாகத் தோன்றுவது இயல்பே. ஒரே ஒரு பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் இன்னார் வரவில்லை என்று சாதிக்கலாகாதல்லவா?

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு ஆக்ஸ்போர்டு அறிஞர்களும் தார்வாடு கருநாடகப் பல்கலைக்கழக அறிஞரும் பிறரும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு யாதெனில், அடையாளம் காணப்பட்ட 21 விலங்கினங்களில் 20 இனங்கள் குறைந்தது 1,00,000 ஆண்டுகளாக இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன என்பதே. மறைந்தது ஒன்றே, எத்தியோப்பியாவில் இன்றும் வாழும் செலாடா என்னும் குரங்குக்கு உறவான இனம் அது. அமெரிக்காவில் மாமதயானையும் ஆஸ்திரேலியாவில் பெரும் பைவிலங்குகளும் அழிந்தொழிந்த நெடுங்காலத்தை இவை தாண்டின. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் இம்மாவட்டத்து ஜுவாலாபுரத்தில் படிந்து கிடக்கின்றது. அதனையும் இவை தாண்டின.

எங்ஙனம்? குன்று, புதர்க்காடு, புல்வெளி, ஆற்றோரம் என்று நிலம் பலவாறாக இருந்தது. ஓரிடம் வறண்டால் மற்றோரிடம் புகல் தந்தது. சில இனங்கள் சில வட்டாரங்களை விட்டகன்றன. ஆயினும் நாட்டை விட்டு அற்றுப்போகவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில், நம் வட்டத்துக் காமசமுத்திரத்துப் பக்கம் யானைகள் வயலில் இறங்கின என்ற செய்தி காதில் விழுந்தது. தமிழக, ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து அவை இவ்வாறு வருவதும், உழவர் பயிரை இழப்பதும், சில வேளை உயிரையே இழப்பதும் நாம் அறிந்தவையே. உழவர் துயரை எளிதாக எண்ணுவார் யார்? எனினும் பில்லாசர்கத்தைக் கண்டு வந்தபின், அவ்யானைகளை வெறும் பகையாக நினைக்க மனம் ஒப்பவில்லை. இடம் விட்டு இடம் செல்ல வழி இருந்தமையால் பிழைத்த உயிர்களுக்கு, இன்று சாலையும் வேலியும் கட்டடமும் அவ்வழியை அடைக்கின்றன. சிறுத்தையினும் விரைந்தோடும் சிவிங்கிப்புலி இந்நாட்டில் அற்றுப்போயிற்று என்று 1952-இல் அரசு அறிவித்தது. அதன் அழிவை முடித்து வைத்தவை வேட்டையும் நிலமிழப்புமே. 2022-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அதனைக் கொணர வேண்டியதாயிற்று.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். அப்பாதை மட்டும் இல்லாதிருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதறியிருக்கும் என்பதைச் சீட்டுக் கொடுக்கும் நாம் நன்கறிவோம். வழியின் அருமை நமக்குத் தெரியும். காட்டு உயிர்களுக்கும் அவ்வழியை விட்டுவைக்குமாறு கேட்பது நம் கடமையாகும்.

வாய்ப்புள்ள அன்பர்கள் பிள்ளைகளுடன் ஒருமுறை பில்லாசர்கம் சென்று வருவார்களாக. ஆங்கே ஒரு கல்லையும் எலும்பையும் எடுத்து வாராதிருப்பார்களாக!