சேறு

யேற்காடு என்ற பெயருக்கு ஏரி, காடு என்று இரண்டு சொல்லில் விளக்கம் சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலம் இருக்கிறது. ஓடையை ஒட்டி, எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும் புல்தரை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சேறு. "சேத்துப் பக்கம் போகாத கண்ணு, அட்டை ஏறும்" என்பார் அப்பா.

எங்களுடையது அரை ஏக்கருக்கும் குறைவு. அதற்கு மேலே காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு. காப்பிக்கு மழை வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும். அதனால் தாத்தா காலத்திலிருந்தே சேற்றை யாரும் தொடவில்லை. எதற்கும் உதவாது என்ற ஒரே காரணத்தால் அது பிழைத்துக் கிடந்தது.

செப்டம்பரில் அங்கே சாம்பல் வாலாட்டி வந்துவிடும். இமயமலையிலோ அதற்கும் வடக்கிலோ குஞ்சு பொரித்துவிட்டு வரும் பறவை. மஞ்சள் வயிறு, நிற்காமல் ஆடும் வால். ஓடைக் கல்லுக்கும் புல்லுக்குமாக ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். குளிர்காலத்தில் உள்ளான் வரும். மிதிக்கப் போகும் நொடிவரை அது இருப்பதே தெரியாது. அதன் நீண்ட அலகின் நுனிக்குத் தொடு உணர்வு உண்டு. சேற்றுக்குள் இருக்கும் புழுவைக் கண்ணால் பார்க்காமலே எடுத்துவிடும். நிலம் கெட்டியானால் அந்த அலகுக்கு வேலை இல்லை. மடையான் வருஷம் முழுக்க நிற்கும். விடியும் முன் பாறை இடுக்கிலிருந்து சீகாரப் பூங்குருவி, யாரோ ஒரு பையன் சும்மா விசிலடித்துப் பழகுகிற மாதிரி, பாடும்.

1929 வாக்கில் வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகளைச் சேகரித்தபோது சேர்வராயன் மலைக்கும் வந்தது. விஸ்லரும் கின்னியரும் அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் தொடராக எழுதினார்கள். சேலத்துப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேறு பறவைக்கு மட்டுமானது இல்லை. மழை அடித்துப் பெய்யும்போது புல்லும் வேரும் தண்ணீரைப் பிடித்துவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் விடுகின்றன. மார்ச்சில் ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும்போதும் அந்தப் புல்லுக்குள் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். இந்த மலையின் தண்ணீர் ஒரு பக்கம் வாணியாறாகத் தருமபுரிக்குப் போகிறது. இன்னொரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் இறங்கிக் காவிரியைத் தேடுகிறது. அடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. 2010இல் ஊர்மக்கள் சேர்ந்து அதைத் தூர்வாரி, எடுத்த மண்ணைத் தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அங்கே கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. கீழே ஊர்கூடி ஏரியை மீட்கிறோம். மேலே தண்ணீர் புறப்படும் இடத்தில் லாரி மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணுகிறோம். ஈரநிலங்களுக்கான 1971 ராம்சர் உடன்படிக்கை அதன் வரையறையில் குறைந்தபட்சப் பரப்பு எதையும் கேட்பதில்லை. நாம்தான் ஏரி அளவுக்கு இருந்தால்தான் கண்ணைத் திறக்கிறோம்.

போன வருஷம் அண்ணன் அந்த இடத்தில் மூன்று காட்டேஜ் கட்டலாம் என்றார். தட்டையான இடம், ரோட்டுக்குப் பக்கம், ஓடை சத்தம் வேறு. மண் அடித்தால் போதும்.

"பாப்பா, குருவி வட்டி கட்டாது" என்றார்.

அவரைத் தப்பு சொல்ல முடியவில்லை. காப்பி விலை ஏறிய வருஷங்களிலும் பழைய கடன் அப்படியே நின்றது. அதைக் கட்டுவது அவர். நான் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்து போகிறவள். சேற்றின் அருமையைச் சொல்வது எனக்குச் செலவில்லாத வேலை. அதனால் பேச்சை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். மேட்டில் கட்டினால் பாறை உடைக்கணும், பாதை போடணும், செலவு கூடும். மூன்றுக்கு இடமில்லை, இரண்டுதான் வரும். கூடுகிற செலவை நான் தருகிறேன், மூன்றாவது காட்டேஜ் வாடகைக்கு ஈடாக மாசாமாசம் கடனில் ஒரு பங்கு கட்டுகிறேன் என்றேன்.

அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் கேட்டார்: "எத்தன வருஷத்துக்குக் கட்டுவ?"

ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது வருஷத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.