பழைய கதை பேசாதவர்

மார்க் மெக்வயரை பேட்டிங் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறோம் என்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 2009 அக்டோபரில் அறிவித்தபோது, அமெரிக்காவில் எழுந்த முதல் கேள்வி பேட்டிங்கைப் பற்றியது அல்ல. “இப்போதாவது வாயைத் திறப்பாரா?” என்பதுதான்.

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்சர் மாதிரிதான், ஆனால் அதைவிட அபூர்வம். ஒரு பருவத்தில் ஒரு அணிக்கு 162 ஆட்டம்; அதில் ஒருவர் 61 ஹோம் ரன் அடித்ததே 37 வருஷம் சாதனையாக நின்றது. 1961-இல் ரோஜர் மாரிஸ் அடித்தது அது. 1998-இல் மெக்வயர் 70 அடித்தார். செப்டம்பர் 8 இரவு 62-வது பந்து வேலியைத் தாண்டியபோது, அரங்கில் மாரிஸின் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷத்தில் மெக்வயர், ஓடும்போது கட்டாயம் மிதிக்க வேண்டிய முதல் பேஸை மிதிக்காமலே ஓடிவிட்டார். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர்தான் திருப்பி அனுப்பி மிதிக்க வைத்தார். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டார், மாரிஸ் குடும்பத்தைப் போய்க் கட்டிக்கொண்டார். நாடே நெகிழ்ந்தது.

நெகிழக் காரணமும் இருந்தது. 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்கவில்லை. கோடீஸ்வரர்களுக்குள் சண்டை, எங்களுக்கு என்ன என்று ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மறுபடி மைதானத்துக்கு இழுத்து வந்தது 1998-இன் இந்த ஹோம் ரன் வேட்டைதான். சீட்டு விற்றது, தொலைக்காட்சியில் கூட்டம் கூடியது. அப்படிப்பட்ட நேரத்தில், அதே வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு செய்தியாளர் மெக்வயரின் அலமாரியில் தசை வளர்க்க எடுக்கும் ஆண்ட்ரோஸ்டெனடையோன் என்ற மருந்துப் பாட்டிலைப் பார்த்து எழுதிவிட்டார். அன்றைக்கு அது கடையில் கிடைத்த பொருள், பேஸ்பாலில் தடையும் இல்லை. ஆனால் ஒலிம்பிக்கில் தடை. என்ன நடந்திருக்க வேண்டும்? மேலிடம் விசாரித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அலமாரிக்குள் எட்டிப்பார்க்க நீ யார் என்று அந்தச் செய்தியாளர் மேல் பாய்ந்தார்கள். அணி மேலாளர் டோனி லா ருஸ்ஸா கொதித்தார். நல்ல காலம் வந்திருக்கும் வீட்டில் கணக்குக் கேட்பவனை யாருக்குப் பிடிக்கும்?

2001-இல் மெக்வயர் 583 ஹோம் ரன்களோடு ஓய்வுபெற்றார். 2005-இல் பழைய அணித்தோழர் ஹோசே கன்சேகோ, நாங்கள் இருவரும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டோம் என்று புத்தகமே எழுதினார். அந்த மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இவர்கள் இருவர் உட்படச் சில ஆட்டக்காரர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது. ஸ்டீராய்டு எடுத்துப் பிறகு தற்கொலை செய்துகொண்ட இளம் ஆட்டக்காரர்களின் பெற்றோர் அதே நாளில் அதே அறையில் சாட்சி சொன்னார்கள். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தானே இவர்கள் தொடங்கினார்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு உட்கார்ந்த மெக்வயர், பழைய கதை பேச நான் இங்கே வரவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தது அது. சட்டக் கண்ணோடு பார்த்தால் புத்திசாலித்தனம்தான். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வைத்திருப்பது குற்றம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும் அறையில் அந்தப் பதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன்பின் அவர் கலிபோர்னியாவில் இருந்துகொண்டார். கையில் பணம் இருந்தது, குடும்பம் இருந்தது. யாரும் கதவைத் தட்டி இனி எதையும் கேட்கப்போவதில்லை. சாகும்வரை அப்படியே இருந்திருக்கலாம்.

இருக்க முடியாமல் போனதற்கு வேலைதான் காரணம். அதே லா ருஸ்ஸா, வந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடு என்று கூப்பிட்டார். 2010 ஜனவரி 11 அன்று, பயிற்சி முகாம் தொடங்கும் முன்பே, மெக்வயர் ஒப்புக்கொண்டார்: ஏறக்குறைய பத்து வருஷம் விட்டுவிட்டு எடுத்தேன், 1998-லும் எடுத்தேன். மாரிஸின் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லி வருத்தம் தெரிவித்தார். தொலைக்காட்சியில் அழுதார்.

வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள் ஒரு ரகசியத்தோடு காலம் தள்ளிவிடலாம். இருபது வயதுப் பையன் எதிரே மட்டையோடு நின்று, “நீங்கள் எப்படி சார் அடித்தீர்கள்?” என்று கேட்கும்போது தள்ள முடியாது. அவன் கேட்காவிட்டாலும் கண்ணில் தெரியும். நாடாளுமன்றத்தால் வாங்க முடியாத பதிலை ஒரு பயிற்சியாளர் வேலை வாங்கிவிட்டது.

ஆனால் முழுசாகச் சொன்னாரா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. காயம் ஆறத்தான் எடுத்தேன், பந்தை அடிக்கும் திறமை ஆண்டவன் கொடுத்தது, மருந்து இல்லாமலும் அடித்திருப்பேன் என்றார். காயம் உண்மை. 1993-இல் 27 ஆட்டம், 1994-இல் 47 ஆட்டம்தான் ஆடினார். ஆனால் ஸ்டீராய்டு செய்யும் வேலையே அதுதானே! பயிற்சியில் நைந்த தசையைச் சீக்கிரம் கட்டித் தருகிறது. இன்று எடை தூக்கியவன் நாளைக்கும் தூக்குகிறான். பெஞ்சில் உட்கார வேண்டியவன் மட்டை பிடிக்கிறான். ஆறுவது தனி, பலம் தனி என்று கணக்கைப் பிரிக்க முடியாது. ஒப்புக்கொள்ளும்போதும் ஒரு ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொள்வது மனித சுபாவம். வயதானவர்கள் நாமும் சொந்தக் கதை சொல்லும்போது செய்வதுதான்.

அப்படியானால் அவரிடம் கற்க ஒன்றுமில்லையா? இருந்தது. 1987-இல் அறிமுகப் பருவத்திலேயே 49 ஹோம் ரன் அடித்தவர், 1991-இல் பத்துக்கு இரண்டு முறைக்கு மேல் சரியாக அடிக்க முடியாமல் தடுமாறினார். சராசரி .201. இன்னும் விழுந்து .200-க்குக் கீழே போய்விடக் கூடாதென்று கடைசி ஆட்டத்தில் லா ருஸ்ஸா அவரை உட்கார வைத்தார். அங்கிருந்து எழுந்து வந்தவரிடம், அடி விழாமல் தவிக்கும் பையன் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய உண்டு. 2011-இல் கார்டினல்ஸ் தன் லீகிலேயே அதிக ரன் எடுத்து உலகத் தொடரையும் வென்றது. ஆல்பர்ட் பூஹோல்ஸ் மாதிரி ஒருவர் இருந்த அணி. பெருமை முழுவதையும் பயிற்சியாளருக்கு எழுதிவிட மாட்டேன். ஆனாலும் அவர் வீண் போகவில்லை. பிறகு டாட்ஜர்ஸ், பாட்ரேஸ் அணிகளிலும் 2018 வரை வேலை பார்த்தார்.

உண்மை சொன்னதற்குப் பலன் கிடைத்ததா என்றால், இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். வாய் மூடி இருந்த காலத்தில் அவருக்கு ஏறக்குறைய 22 முதல் 24 சதவீதம் வரை விழுந்தது. ஒப்புக்கொண்ட பிறகு வந்த முதல் வாக்கெடுப்பில் 20-க்குக் கீழே இறங்கியது. 2016-இல் கடைசி வாய்ப்பில் 12.3. செயின்ட் லூயிஸில் அவர் பெயரில் இருந்த நெடுஞ்சாலைத் துண்டை 2010-லேயே எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

லா ருஸ்ஸா 2014-இல் அந்தக் கௌரவ மண்டபத்துக்குள் போனார். அந்த ஹோம் ரன் வேட்டை நடந்தபோது பேஸ்பாலின் ஆணையராக இருந்த பட் செலிக் 2017-இல் போனார். பிற்பாடு பரிசோதனையும் தண்டனையும் வந்தது அவர் காலத்தில்தான், அதையும் சொல்லவேண்டும். ஆனால் 1998-இல் சீட்டு விற்றபோது எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள் என அவர்கள் இருவருக்கும் யாரும் நிபந்தனை போடவில்லை.