சாமம் ஒன்றரைக்கு கியூர்

கோத் பாட்டுக் கேட்பேன் என்று சொன்னால் எங்கட சனம் முதலில் கேட்பது உடுப்பைப் பற்றித்தான். "அப்ப நீயும் கண்ணைச் சுத்தி மை அப்புவியோ?" அம்மா இன்னும் நேரடி. கறுப்புச் சுரிதாரோடு படி இறங்கினால் போதும், "நல்ல நாளும் அதுவுமா உதே போடப்போறாய்?" என்பா. எனக்கும் கறுப்பென்றால் முதலில் ஞாபகம் வருவது கரிநாளும் கறுப்புக்கொடியும்தான். லண்டன்காரருக்கு அது ஃபாஷன், எங்களுக்கு அது அறிவித்தல்.

ஆனால் மையும் உடுப்பும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. 1979இல் போஹாஸ் என்ற ஆங்கில பாண்ட், 'பெலா லுகோசிஸ் டெட்' என்று ஒன்பது நிமிடத்துக்கும் மேலான பாட்டொன்றை வெளியிட்டது. கோத் இசை அதிலிருந்துதான் தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். 1982இல் லண்டன் சோஹோவில் 'பட்கேவ்' என்ற கிளப் திறந்த பிறகுதான் தலைமயிரும் உதட்டுச் சாயமும் பெரிய கதையானது. எனக்கு அந்த ஒன்பது நிமிடம்தான் முக்கியம். குரல் வருவதற்கு முன்னமே ஒரு பாட்டு கனநேரம் சும்மா நிற்கலாம் என்பது, ரீல்ஸ் பார்த்து வளர்ந்த எனக்குப் பெரிய அதிசயம்.

2024 நவம்பர் 1ஆம் திகதி த கியூர் பதினாறு வருடங்களுக்குப் பிறகு புது அல்பம் வெளியிட்டார்கள். பெயர் 'சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ட் வேர்ல்ட்'. அன்றிரவே கிழக்கு லண்டனில் ட்ரொக்ஸி என்ற மண்டபத்தில் கச்சேரி. 1933இல் சினிமாத் தியேட்டராகக் கட்டிய இடம் அது. அதை யூரியூப்பில் இலவசமாக நேரலையில் விட்டார்கள். அங்கே இரவு எட்டு மணி என்றால் எங்களுக்குச் சாமம் ஒன்றரை. தீபாவளி லீவுக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. போர்டிங்கில் நானும் என் அறைத்தோழியும் மட்டும். வெளியே ஐப்பசி மழை. ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது.

அவள் கோத் ரசிகை இல்லை. மன்னார்ப் பிள்ளை. நவம்பர் 2 மரித்தோர் நினைவு நாள், விடிய முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போய் அண்ணாவின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அதனால் நித்திரை கொள்ளாமல் இருந்தாள், அவ்வளவுதான். அண்ணா மோட்டார்சைக்கிள் விபத்தில் போய் இரண்டு வருடம்.

முதல் பாட்டு 'அலோன்'. மூன்று நிமிடம் தாண்டியும் யாரும் பாடவில்லை. "ஆள் வரேல்லையோ?" என்றாள். ஆள் அங்கேதான் நின்றார். ரொபேர்ட் சிமித், 65 வயது, அதே பரட்டைத்தலை, அதே சாயம். மேடையில் நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். (தன்னைக் கோத் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கோத்துகள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.) பிறகு அந்தக் குரல் வந்தது. வயது போன குரல் இல்லை அது, அதுதான் பயமாக இருந்தது.

புது அல்பத்தை முழுதாக வாசித்தார்கள். ஆறாவது பாட்டு 'ஐ கென் நெவர் சே குட்பை'. இடிச் சத்தம், அதற்கு மேல் பியானோவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே சின்ன மெட்டு. தன் மூத்த சகோதரன் ரிச்சர்ட் இறந்ததைப் பற்றி சிமித் எழுதியது. எங்கட கூரையிலும் மழை, எது லண்டன் இடி, எது யாழ்ப்பாண இடி என்று பிரிக்க முடியவில்லை. நான் அவளுக்கு எதுவும் விளக்கவில்லை. பாட்டின் பெயர் திரையில் இருந்தது, அவள் வாசித்துவிட்டாள்.

"31ஆம் நாள் பூசை முடிய எல்லாரும் சொன்னவை, இனி அழக்கூடாது, அம்மா அப்பாவைப் பார் எண்டு," என்றாள். "நான் அதுக்குப் பிறகுதானடி அழவே தொடங்கினனான்."

எங்களிடம் துக்கத்துக்குத் திகதி உண்டு. எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம். அவர்களுக்கு 31, பிறகு ஆண்டுப் பூசை. அது கெட்ட ஏற்பாடென்று நான் சொல்லமாட்டேன். சமைக்கவும் ஆளில்லாத வீட்டுக்கு ஊரே வந்து நிற்பது லேசான விஷயமில்லை. ஆனால் திகதி முடிந்த பிறகும் மிஞ்சுவதை எங்கே வைப்பது? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து போராடும் அம்மாக்களுக்கு எட்டு எது, திவசம் எது? ஒப்பாரி கூடப் பெரும்பாலும் உடல் கிடக்கும்போதுதான். கோத் எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். அது ஆறுதல் சொல்லாது. கெதியா முடி என்றும் சொல்லாது. அல்பத்தின் கடைசிப் பாட்டு 'எண்ட்சோங்' பத்து நிமிடத்துக்கு மேல், குரல் வரவே ஆறு நிமிடம் கடந்துவிடும். அவ்வளவு நேரமும் ட்ரம்ஸ் நடந்துகொண்டே இருக்கும், சவ ஊர்வலத்துக்குப் பின்னால் நடக்கிற மாதிரி.

இருட்டையே மூன்று மணிநேரம் கேட்டோம் என்று நினைக்கவேண்டாம். பழைய பாட்டுகள் வந்தன. 1980இன் 'எ ஃபொரெஸ்ட்'டுக்கு சைமன் கலப்பின் பேஸ் கிற்றார் ஒற்றைக் காதுக்குள்ளேயே நெஞ்சை இடித்தது. கட்டிலில் இருந்தபடியே ஆடினோம். கீழே வீட்டுக்கார அன்ரி இருமிக் காட்டினா. நாலரை மணியளவில் கடைசியாக 'போய்ஸ் டோன்ட் க்ரை' வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டு பாக்கை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த இடிப்பாட்டை அனுப்பி விடு. அப்பாவுக்குப் போட்டுக் காட்டப்போறன்."

"அவருக்கு இங்கிலிஷ் விளங்குமே?"

"விளங்காது. மனுசன் சேமக்காலைக்குள்ளயும் வாசல்லதான் நிக்கிறவர், கிட்ட வாறேல்லை. இதைக் கேட்டிட்டு வாறாரோ பாப்பம்."

எனக்கு டேட்டா முடிந்திருந்தது. அவளுடைய ஹொட்ஸ்பொட்டில் தேடித்தான் அனுப்பினேன்.